அலகில்லா எண்

தவறாகப் புரிந்துகொள்ள இடம் தரும் ஓர் அமைப்பு எண்ணை அதே பெயரில் திருத்துவதா, அதைத் தொடாமல் பக்கத்தில் புதுப்பெயர் ஒன்றை வைப்பதா? இந்த ஐயம் என்னை நெடுநாள் விடவில்லை. இருவர் பேசுவதாக எழுதிப் பார்த்தபோதுதான் ஓரளவு தெளிந்தது. ஆசிரியர் எளாவூர்க்காரர், பழைய யூனிக்ஸ் ஆள். மாணவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன்.

மாணவன்: ஐயா, ஆலையில் இரண்டு லினக்ஸ் பெட்டிகள். இரண்டிலும் 'ரீட்ரான்ஸ்-டைம்' என்று ஓர் அமைப்பு. ஐபிவி4 பக்கம் இரண்டுமே 100 காட்டுகின்றன. ஐபிவி6 பக்கம் போனால் ஒன்றில் 250, மற்றதில் 1000. எது சரி?

ஆசிரியர்: மூன்றும் சரி. மூன்றும் ஒரு நொடிதான்.

மாணவன்: அதெப்படி ஐயா?

ஆசிரியர்: பக்கத்துக் கணினியின் வன்முகவரி தெரியாதபோது, லினக்ஸின் உட்கருவான கெர்னல் ஊரறியக் கேட்கிறது. பதில் வராவிட்டால் மறுபடி கேட்க எவ்வளவு பொறுப்பது என்பதே இந்த எண். எந்த அளவையில் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். நம் ஊர் செக்போஸ்டில் மணல் லாரிகளைப் பார்த்திருப்பாய். ஒருவர் 'ஒரு லோடு மணல்' என்றால் எவ்வளவு? லாரியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 'மூன்று யூனிட்' என்றால் முந்நூறு கன அடி. எந்த லாரியில் வந்தாலும் அதுதான். கெர்னலின் 'ஜிஃபி' ஒரு லோடு. கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட காலம் அது. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது கெர்னலைக் கட்டும்போதே முடிவாகிவிடும். இன்டெல் வகைக் கணினிகளில் 2.4 காலத்தில் நூறு. 2.6 வந்தபோது ஆயிரம். 2005இல் வந்த 2.6.13 முதல், யாரும் மாற்றாவிட்டால் 250. துடிப்பு மாறும்போதெல்லாம் வெளியே உள்ள நிரல்கள் தடுமாறக் கூடாது என்று, அவற்றுக்குச் சொல்வதற்கென்றே நொடிக்கு நூறு என்ற மாறாத கணக்கு ஒன்றையும் வைத்தார்கள். அது யூனிட். ஐபிவி4 உனக்கு யூனிட்டில் பதில் சொல்கிறது, ஐபிவி6 லோடில் சொல்கிறது. பெயர் மட்டும் ஒன்று.

மாணவன்: ஆவணத்தில் அலகைத் தெளிவாக எழுதிவிட்டால் போதாதா?

ஆசிரியர்: நெட்வொர்க் பிரிட்ஜின் 'ஃபார்வர்ட்-டிலே' என்ற காத்திருப்பு நேரத்தை நொடியில் தரச் சொன்னது லினக்ஸின் 'ஐபி' கட்டளைக்கான கையேடு. கெர்னல் அதை நூற்றில் ஒரு நொடியாக எடுத்துக்கொள்கிறது. 15 நொடி வேண்டுமென்றால் 1500 தர வேண்டும். ஆவணத்தை நம்பிய கதை அது. மேலே போ.

மாணவன்: எல்லாவற்றையும் நானோ நொடியாக்கிவிட்டால்?

ஆசிரியர்: சும்மா கிடக்கும் இணைப்பைச் சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 நொடி. அதை நானோவில் எழுதிப் பார்.

மாணவன்: சரி, என் உண்மையான ஐயத்தைக் கேட்கிறேன். ஐபிவி6இல் லோடுக் கணக்கு கூடாது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெயருக்கே இனி மில்லி நொடி என்று பொருள் வைத்துவிட்டால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் பக்கத்தில் இன்னொரு பெயரை நட்டுவைத்தால், தவறு அப்படியே இருக்கிறது, பெயர்கள்தான் இரண்டாகின்றன. புதிதாக வருபவன் இரண்டையும் பார்த்து இன்னும் குழம்புவான். தவறென்று ஒப்புக்கொண்ட பிறகும் அதை வாழவிடுவது கோழைத்தனம் இல்லையா?

ஆசிரியர்: நல்ல கேள்வி தம்பி. அந்த எண் எங்கே இருக்கிறது என்று முதலில் பார். கெர்னலில் இருப்பது இயல்பு மதிப்பு மட்டும். மற்றவை நிர்வாகிகள் எழுதிவைத்த அமைப்புக் கோப்புகளிலும், துவக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளிலும் கிடக்கின்றன. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். நீ சொல்லும் திருத்தத்தை ஐபிவி4இலும் செய்வதாக வை; அங்கே கோப்பில் 100 என்று இருக்கிறது. புதிய கெர்னல் அதை மில்லி நொடி என்று படித்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, ஏனென்றால் 100 இரண்டு கணக்கிலும் செல்லும் எண். இயல்பாக மூன்று முறை கேட்டுவிட்டுக் கைவிடுவது கெர்னலின் வழக்கம். முன்பு மூன்று நொடி பொறுத்தது இப்போது 0.3 நொடியில் கைவிடும். மெதுவாகப் பதில் சொல்லும் ஒரு கருவி, மின்சாரம் வந்து இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கும் ஒன்று, 'வழியில்லை' என்று அறிவிக்கப்பட்டுவிடும். நீங்கள் கேபிளை மாற்றுவீர்கள், ஸ்விட்சை மாற்றுவீர்கள். கோப்பைத் திறந்து பார்த்தாலும், போன வருடம் இருந்த அதே 100தான் அங்கே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அளந்து பார்த்து, இது மில்லி நொடி இல்லை என்று கண்டுபிடித்துச் சரியாக எழுதியவன் ஒருவன். பெயரை மட்டும் பார்த்து, மில்லி நொடியாகத்தான் இருக்கும் என்று குருட்டாம்போக்கில் எழுதியவன் ஒருவன். பொருளை மாற்றினால் இரண்டாமவன் தப்பிக்கிறான், முதலாமவன் மாட்டுகிறான். 'லோடு' என்றால் இனி நூறு கன அடி என்று ஒரே இரவில் உத்தரவு போட்டால், தன் லாரியை அளந்து விலை பேசியவன்தான் நஷ்டப்படுவான். புரிந்துகொண்டவனைத் தண்டிக்கும் திருத்தம் திருத்தமே இல்லை.

கெர்னல் செய்தது வேறு. 2005 ஜூனில் வந்த 2.6.12இல் 'ரீட்ரான்ஸ்-டைம்-எம்எஸ்', 'பேஸ்-ரீச்சபிள்-டைம்-எம்எஸ்' என இரண்டு புதுப்பெயர்கள். எம்எஸ் என்றால் மில்லி நொடி; அலகு பெயரிலேயே இருக்கிறது. லாரி எதுவானாலும் 1000 என்றால் ஒரு நொடி. பழைய பெயர்களின் பொருளைத் தொடவில்லை. ஐபிவி6 பக்கம் பழையதைத் தொட்டால் மட்டும், இது கைவிடப்பட்டது, எம்எஸ் பெயரைப் பயன்படுத்து என்று பதிவேட்டில் எழுதும். தவறு வாழ்கிறதே என்றாய். வாழட்டும்; அதை நம்பி எழுதியவன் கணக்குத் தப்பாது.

நெட்வொர்க் அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதவைக்கும் நெட்பிளான் என்ற கருவி இன்னொரு வழியில் போனது. மதிப்போடு அலகைச் சேர்த்து எழுதலாம். எழுதாவிட்டால் 'எம்ஐஐ-மானிட்டர்-இன்டர்வல்' மில்லி நொடி, 'ஃபார்வர்ட்-டிலே' நொடி. ஒரே கோப்பில் இரண்டு வழக்கு! அலகு எழுத வசதி தந்தவர்கள், எழுதாதவனைத் தடுக்காமல் விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அரைக்கிணறு தாண்டிய வேலை.

மாணவன்: அப்படியானால் நான் எங்கள் கோப்பில்...

ஆசிரியர்: எம்எஸ் பெயர்களுக்கு மாறு. மாறும்போது பழைய வரியை அழித்துவிடு. இரண்டு பெயரும் கெர்னலுக்குள் ஒரே மதிப்பைத்தான் தொடுகின்றன. இரண்டையும் வைத்தால் கடைசியில் படிக்கப்பட்ட வரியே நிற்கும். அதே குழுவில் உள்ள 'லாக்டைம்', 'ப்ராக்ஸி-டிலே' என்ற அமைப்புகள் இரண்டுக்கும் எம்எஸ் பெயர் கிடையாது. அவற்றில் 100 என்றால் ஒரு நொடி, 80 என்றால் 0.8 நொடி. பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதிவை.