அன்பாகக் கொடுத்த கஷாயம்

குடல் அறுவை முடிந்து படுத்திருப்பவரிடம் காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். கை பட்ட குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் இயங்கத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் இந்தத் தாமதத்தைக் கூட்டும். அதுவரை வயிறு உப்பிக் கல்லாக இருக்கும். ஏப்பமும் குமட்டலும் படுத்தும். காற்றுப் பிரிந்தால்தான் குடல் உயிர்பெற்றது என்று பொருள்.

செஞ்சிப் பக்கத்தவர்கள் இப்படிப்பட்ட அறுவைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். அடைப்பு, புற்றுநோய், குடல் காசநோய் என்று காரணங்கள் பல. டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்ததும், சில சமயம் வார்டிலேயே, ஃபிளாஸ்க்கில் கஷாயம் வந்துவிடும். சுக்கு, ஓமம், சீரகம், பெருங்காயம். நாலு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் கடுக்காய், நிலாவரை, விளக்கெண்ணெய். கொடுப்பவர் அம்மாவாகவோ அத்தையாகவோ இருப்பார். கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்வார்: "டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்தான் எனக்கு வழக்கு.

1877இல் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நம்பிக்கையின் அறத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, கடலுக்குத் தாங்குமா என்ற சந்தேகம் அவருக்கே உண்டு. இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, தெய்வம் காப்பாற்றும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். கிளிஃபோர்டு அடுத்து ஒன்று கேட்கிறார்: அந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். சோதித்துப் பார்க்காமல் பிறர் உயிரை ஏற்றி அனுப்பியதுதான் தவறு. முடிவு நல்லதாக அமைந்தது அந்தத் தவறைத் துடைக்காது.

கஷாயம் கொடுத்த அத்தையை இந்த முதலாளியோடு நிறுத்துவது கொடுமையாகப் படலாம். அவர் பணத்துக்காகச் செய்யவில்லை, பாசத்தால் செய்தார். ஆனால் அறுவை முடிந்த குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உள்ளே தழும்பு விழுந்து குடலின் ஒரு வளைவு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளலாம். வாரங்கள் கழித்தும் வருடங்கள் கழித்தும் அது அடைப்பாக மாறலாம். அப்போது வயிறு உப்பும், மலம் நிற்கும், வாந்தி வரும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மலச்சிக்கல் போலத்தான் இருக்கும். அடைத்த குடலுக்கு நிலாவரையும் விளக்கெண்ணெயும் கொடுத்தால், வழி இல்லாத இடத்தில் குடல் முட்டி முட்டிச் சுருங்கும். குடல் கிழியும் அபாயம் அங்கே இருக்கிறது. அடைப்பு இருக்கும் சந்தேகம் இருந்தால் பேதி மருந்தைத் தொடாதே என்பது மருத்துவத்தின் அடிப்படை விதி. கஷாயத்தை மறைத்தால், மருத்துவர் பாதித் தகவலோடு முடிவெடுக்கிறார்.

இன்னொரு வகை மறைப்பும் உண்டு. காசநோயால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பல மாதம் வயிறு தண்ணீராகப் போகலாம். பித்த உப்பை உறிஞ்ச வேண்டிய இடம் போய்விட்டதால், அது பெருங்குடலில் இறங்கி எரிச்சலூட்டுகிறது. வீட்டில் இதற்கு அஜீரணம் என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதே இடத்தில்தான் வைட்டமின் பி12உம் உறிஞ்சப்படுகிறது. கல்லீரலின் சேமிப்புத் தீரச் சில வருடம் ஆகும்; தீர்ந்த பிறகு ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். ஊசியில் ஏற்ற வேண்டிய சத்து அது. எத்தனை லிட்டர் ஓமத் தண்ணீர் குடித்தாலும் வராது.

"எங்க மாமா குடிச்சார், மூணாம் நாளே சரியாயிடுச்சு" என்பார்கள். பெருங்குடல் எப்படியும் விழித்துக்கொள்ளும் நாள் அதுதான். இரண்டாம் நாள் கஷாயமும் மூன்றாம் நாள் காற்றும் அடுத்தடுத்து வந்தன என்பதைத் தவிர அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கஷாயம் குடிக்காத இன்னொரு நூறு பேருக்கு என்ன ஆயிற்று என்று எண்ணினால் மட்டுமே தெரியும்.

அப்படி எண்ணிப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. ஜப்பானில் டைகென்சூட்டோ என்ற மூலிகை மருந்தை வயிற்று அறுவைக்குப் பின் அறுவை மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். பதப்படுத்திய இஞ்சி, ஜின்செங், ஒருவகைக் காட்டுமிளகு, மால்ட் சர்க்கரை ஆகியவை அதில் சேரும். மூலம் பழைய சீன மருத்துவ நூலில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 1,800 ஆண்டு. அவ்வளவு பழமை போதும் என்று அவர்கள் விடவில்லை. பெருங்குடல், இரைப்பை, கல்லீரல் என்று மூன்று வகை அறுவைக்கும் தனித்தனியாகப் பல மருத்துவமனைகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி மருந்து. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. 2015இல் முடிவுகள் வெளிவந்தன. கல்லீரல் அறுவையில் முதல் மலம் கழியும் நேரம் 93.1 மணியிலிருந்து 88.2 மணியாகக் குறைந்தது. இரைப்பையை முழுதாக எடுத்தவர்களுக்கு 113.9 மணி, 94.7 மணியானது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்கோட்டிலேயே நின்றது. பெருங்குடல் அறுவையில், 336 பேரைக் கணக்கெடுத்தும், அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மூன்றையும் அச்சிட்டார்கள். தோற்றதையும் சேர்த்து. கல்லீரல் பாதிப்பும் நுரையீரல் அழற்சியும் அரிதாக வரலாம் என்ற எச்சரிக்கை அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. இஞ்சிக்குப் பக்க விளைவா என்று அங்கே யாரும் மரபின் பெயரால் கொதிக்கவில்லை. ஜெர்மனியில் காபியையே இப்படிச் சோதித்தார்கள். பெருங்குடல் அறுவை ஆன 80 பேரைப் பிரித்துக் காபியும் வெந்நீரும் கொடுத்ததில், காபி குடித்தவர்களுக்கு முதல் மலம் 60.4 மணியில், மற்றவர்களுக்கு 74 மணியில். 2012இல் வெளிவந்த ஆய்வு அது. காபியும் ஒரு செடியின் கொட்டைதான். நம் மருத்துவர்கள் எழுதித் தரும் இசப்கோல் ஒரு செடியின் விதையுமி. மூலிகை என்பதால் யாரும் எதையும் ஒதுக்கவில்லை.

மூலிகை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பாகிவிடுவதும் இல்லை. நம் ஊர்க் கரிசல் நிலங்களில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு சீன மூலிகை, 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகத்தை அழித்தது. புற்றுநோயும் வந்தது.

பழமைக்குரிய மதிப்பைக் குறைக்க நான் சொல்லவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஊரே மகிழ்ந்தது. அது நியாயமான மகிழ்ச்சி. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை மதில்கள் முகலாயர் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கியவை. அதற்காக இன்று ஒரு படையை அந்த மதிலை நம்பி நிறுத்த மாட்டோம். மருந்து விஷயத்தில் மட்டும் வயதையே சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது: அங்கீகரித்த பழைய நூலில் உள்ள சித்த மருந்தை அதே நோய்க்கு விற்க, அந்த நூலின் சான்றே போதும், நோயாளிகளிடம் சோதித்த முடிவைக் கேட்பதில்லை.

வயதையே சான்றாகக் கொள்வது நம் மரபும் அல்ல. செஞ்சியைப் பிடித்த சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழியில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. அவர் தன்வந்திரி மகால் அமைத்து, உள்நாட்டு வைத்தியரையும் ஐரோப்பிய முறை அறிந்தவரையும் அருகருகே வைத்து மருந்துகளை ஆராயச் செய்தார். கண் நோயாளிகளின் நிலையைப் படம் வரைந்து எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் தஞ்சையில் உண்டு. இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு மன்னருக்கு இருந்த அந்த ஆர்வம் நம் சுகாதாரத் துறைக்கு ஏன் இல்லை?

அத்தையை மட்டும் குற்றம் சொல்லி மருத்துவர் தப்பிக்க முடியாது. நாட்டு மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் வார்டே அதிரக் கத்துகிறவர்தான் அந்த ரகசியத்தை உண்டாக்குகிறார். "வேற என்ன குடிச்சீங்க, சொல்லுங்கம்மா, திட்ட மாட்டேன்" என்று காற்றுப் பிரிந்ததா என்ற கேள்வியோடு சேர்த்துக் கேட்க அரை நிமிடம் ஆகாது.

தமிழகத்தின் பல அரசு மருத்துவமனைகளில் அறுவைப் பிரிவும் சித்தப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அறுவையும் சித்தமும் சேர்ந்து, குடல் அறுவை ஆகி, அடைப்பு இல்லையென்று உறுதியான, சம்மதம் தந்த முந்நூறு பேரிடம் சுக்கைச் சோதிக்கட்டும். பாதிப் பேருக்குச் சுக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும், பிறகு தோல்வியை ஒளிக்க முடியாதபடி. முடிவு எதுவானாலும் அதை நல்ல தமிழில் அச்சிட்டு அறுவை வார்டு வாசலிலும் நாட்டு மருந்துக் கடை வாசலிலும் ஒட்டட்டும்.