பதில் சொல்லக் கூடியவன்

இளைஞர் வன்முறை பற்றி நம்மிடையே இரண்டு பாஷைகள் புழங்குகின்றன. ஒன்று டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் கேட்பது: 'நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும்.' மற்றது கருத்தரங்குகளில் கேட்பது: வறுமை, குடிகாரத் தகப்பன், வேலையின்மை, சினிமா. முதல் கட்சிக்கு இரண்டாவது கட்சி ஏமாளிகளின் கூட்டம். இரண்டாவது கட்சிக்கு முதல் கட்சி காட்டுமிராண்டிகளின் கூட்டம். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. கத்தி எடுத்த பையன் பதில் சொல்லக் கூடியவன் என்று இருவரும் நினைப்பதில்லை. ஒருவருக்கு அவன் அடிக்கப்பட வேண்டிய உடம்பு. மற்றவருக்கு அவன் காரணங்களின் விளைவு. உடம்பிடமும் விளைவிடமும் யாரும் 'ஏன் செய்தாய்?' என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஒருவனுடைய செயலைப் புரிந்துகொண்டால் அவனுடைய பொறுப்பு குறைந்துவிடுகிறதா?

சென்னையிலேயே தொடங்கலாம். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதினார்கள். ஒரே கல்லூரியின் மாணவர்கள். வேறு வேறு பஸ் ரூட்டுகள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இந்த மோதல்களில் பணம் இல்லை, நிலம் இல்லை, கள்ளச்சரக்கு வியாபாரம் இல்லை. ஒரு பேருந்தின் எண்ணும் ஒரு கல்லூரியின் பெயரும் 'ரூட்டு தல' என்ற பட்டமும்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது அபத்தம். ஆனால் அபத்தம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது விமர்சனம் ஆகாது.

ஃபிரெடரிக் த்ராஷர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் சிகாகோவின் 1,313 கோஷ்டிகளை ஆராய்ந்து 1927இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்ட முக்கியமான விஷயம், பெரும்பாலான கோஷ்டிகள் விளையாட்டுக் கூட்டங்களாகப் பிறக்கின்றன என்பது. தெருமுனையில் சேர்ந்து நிற்கிற பையன்கள்தான். எதிரி ஒருவன் வந்த பிறகே அந்தக் கூட்டம் கோஷ்டியாக இறுகுகிறது. மோதல்தான் கோஷ்டியைப் பெற்றெடுக்கிறது. ரூட்டுக்கும் இது பொருந்தும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிறவரை அது வெறும் உற்சாகம். எதிர் ரூட்டு ஒருநாள் கல்லெறிந்த பிறகு அதற்கு ஒரு வரலாறும் தியாகிகளும் வந்துவிடுகிறார்கள்.

வங்கியில் முன்பெல்லாம் கணக்குத் தொடங்க ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய படிவங்களில் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். 'இவரை எனக்குத் தெரியும்' என்பதுதான் அந்தக் கையெழுத்தின் முழு அர்த்தம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, நகரத்தில் யாரையும் தெரியாமல் ரயிலிலிருந்து இறங்குகிற பையனுக்கு அந்தக் கையெழுத்தைப் போடுவது யார்? பேராசிரியர் போடுவதில்லை. நிர்வாகம் போடுவதில்லை. ரூட்டு போடுகிறது. அதற்கு ஈடாக அது கேட்பது என்ன என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரியவருகிறது.

இது காரணம். ஆனால் காரணம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே ரயிலில் வந்து, அதே தனிமையில் இருந்து, கத்தி எடுக்காதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். பாஸ்டன் நகரில் 1990களின் மத்தியில் செய்த ஆய்வில், கோஷ்டிகளில் இருந்தவர்கள் சுமார் 1,300 பேர் என்று கணக்கிட்டார்கள். நகரத்தின் அந்த வயதினரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களோடு சம்பந்தப்பட்டது. வறுமை ஒரு பேட்டையையே சூழ்ந்திருந்தது. கொலை ஒரு சிறு வட்டத்துக்குள் சுழன்றது. வன்முறை எந்தத் தெருவில் நடக்கும் என்பதை வறுமை சொல்லிவிடலாம். எந்தக் கை ஓங்கும் என்பதை அது சொல்வதில்லை. 'வறுமையால் செய்தான்' என்று நாம் கருணையோடு சொல்லும்போது, அதே வறுமையில் கத்தியைத் தொடாமல் வாழ்ந்த அவனுடைய அண்டைவீட்டுக்காரனை அவமதிக்கிறோம். அவனுடைய மறுப்பை வெறும் தற்செயலாக்கிவிடுகிறோம்.

கருணையும் அச்சமும் தனித்தனியே என்ன சாதித்தன என்பதற்கு ருசுக்கள் இருக்கின்றன. 1939இல் மாஸசூஸட்ஸில் 506 சிறுவர்களை இரு சம பாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆலோசகர்கள் வீடு தேடிப் போனார்கள், பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். மறுபாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் போய் 1978இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் அது தங்களுக்கு நல்லது செய்ததாக நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. குற்றம் குறைந்திருக்கவில்லை. மீண்டும் குற்றம் செய்தது, குடி, இளவயது மரணம் போன்ற பலவற்றில் உதவி பெற்ற பாதியே மோசமாக இருந்தது. அதே 1978இல் நியூ ஜெர்ஸியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் விடலைப் பையன்களை மிரட்டித் திருத்துவதைக் காட்டும் ஆவணப்படம் வந்து ஆஸ்கர் பரிசு பெற்றது. அந்த முறையைப் பின்னால் முறையாகச் சோதித்தபோது, மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகக் குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தது. நல்ல எண்ணம், கடுமை இரண்டுமே தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளும் குணமுடையவை. பையனுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு போய்ப் பார்க்கிற பொறுமை இரண்டுக்கும் இருப்பதில்லை.

கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் வேறொரு வழியில் போனார். ஆப்பிரிக்காவில் காலராவையும் எய்ட்ஸையும் எதிர்த்து வேலை செய்தவர். வன்முறையும் தொற்றுநோய்போலவே பரவுகிறது, தொற்றும் இடத்தில் வெட்டினால் நின்றுவிடும் என்று வாதிட்டு, 2000இல் சிகாகோவின் ஒரு பேட்டையில் வேலை தொடங்கினார். பழிக்குப் பழி கிளம்புமுன் இடையில் புகுந்து பேசித் தடுக்க ஆட்களை அமர்த்தினார். உருவகம் கவர்ச்சியானது. அதில் வெறுப்பு இல்லை. ஆனால் கிருமிக்குத் தான் செய்வது தெரியாது. கத்தி எடுத்தவனுக்குத் தெரியும். ஸ்லட்கின் அமர்த்திய ஆட்களில் பலர் முன்பு கோஷ்டிகளில் இருந்து சிறை சென்றவர்கள் என்பது இங்கே முக்கியம். அவர்கள் பேச்சுக்குத் தெருவில் மதிப்பு எங்கிருந்து வந்தது? 'நான் செய்தேன், அது தவறு' என்று சொல்லக் கூடியவர்கள் அவர்கள் என்பதிலிருந்துதான். நோய் என்ற உருவகத்தை அதன் சொந்த ஊழியர்களே தம் வாழ்க்கையால் மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் என் கேள்விக்கு இன்னும் அருகே வருகிறது. அங்கே 2005இல் போலீஸ் இலாகாவுக்குள்ளேயே வன்முறைக் குறைப்புக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. பாஸ்டன் 1996இல் செய்து பார்த்ததைப் பின்பற்றி, 2008இல் கோஷ்டிப் பையன்களை நீதிமன்ற அறைக்கு அழைத்தார்கள். வழக்குக்காக அல்ல, பேசுவதற்காக. போலீஸ் அதிகாரி பேசினார்: இனி ஒருவன் கத்தி எடுத்தால் முழுக் கோஷ்டியும் எங்கள் கவனத்துக்கு வரும். மருத்துவர் பேசினார்: கிழிந்த முகத்தைத் தைக்கிறவர் எதைப் பார்க்கிறார் என்று. பிள்ளையை இழந்த தாய் பேசினார். கடைசியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள்: படிப்போ வேலையோ குடியிலிருந்து விடுதலையோ வேண்டுமானால் கூப்பிடு. 2004-05இல் ஸ்காட்லாந்தில் 137 ஆக இருந்த கொலைகள் பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தன. அத்தனைக்கும் அந்த அறை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையில் நடந்தது என்ன வகையான செயல் என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கையும் உதவியும் துக்கமும் ஒரே வேளையில் ஒரே ஆளை நோக்கிப் பேசப்பட்டன. நிறுத்தக் கூடியவன் என்று எண்ணாதவனிடம் யாரும் 'நிறுத்து' என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு எல் சால்வடோர். 2015இல் அங்கே லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் கொலைகள். 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, 80,000க்கும் அதிகமானவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 2024இல் அரசுக் கணக்குப்படி விகிதம் இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறவன் நேர்மையற்றவன். இருட்டிய பிறகு தெருவில் நடக்க முடிகிற ஒரு தாயிடம் போய் மனித உரிமை பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்குத் தைரியமில்லை. ஆனால் 8,000 நிரபராதிகளை விடுவித்ததாக அந்நாட்டு அதிபரே சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் தாய்கள் உண்டு. முதல் தாயின் நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தவிர, அந்தக் கோஷ்டிகள் அந்த மண்ணில் முளைத்தவையும் அல்ல. உள்நாட்டுப் போருக்குத் தப்பி லாஸ் ஏஞ்சலஸ் போன குடும்பங்களின் பையன்களிடையே உருவாகி, அமெரிக்கா 1990களில் அவர்களை நாடுகடத்தியபோது திரும்பி வந்தவை. ஒருமுறை அப்புறப்படுத்தப்பட்ட பையன்கள்தான் அங்கே பெருகினார்கள். அப்புறப்படுத்துவது தடுப்பதாகாது என்பதற்கு அந்த நாடே சாட்சி.

அந்தப் பேரம் நம்மிடம் சில்லறையாகப் புழங்குகிறது. பிடிபட்ட பையன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம். 'வழுக்கி விழுந்தார்' என்ற வாசகம். அதைப் பார்த்து நம் சிரிப்பு. எல்லோருக்கும் தெரிந்த பொய் என்பதால்தான் அது நகைச்சுவையாகிறது. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் செத்தபோது சிரித்த அதே வாய்கள் பதறின. கடைக்காரர் என்றால் பதற்றம், ரவுடி என்றால் சிரிப்பு. லத்திக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதை நாம் அப்போதும் யோசிக்கவில்லை. அந்தப் பையனோ அந்த மாவுக்கட்டிலிருந்து ஒரு பாடம் கற்கிறான்: பலமுள்ளவன் அடிப்பான், பிறகு பொய் சொல்வான், ஊர் ரசிக்கும். ரூட்டில் அவன் ஏற்கனவே படித்த பாடம்தான் அது. இப்போது அதற்கு அரசாங்க முத்திரையும் கிடைத்திருக்கிறது.

புரிந்துகொள்வது பொறுப்பைக் குறைப்பதில்லை என்றுதான் நான் முடிவுக்கு வருகிறேன். புரியாத ஒருவனை அடிக்கலாம், பூட்டலாம், பரிதாபப்படலாம். கணக்குக் கேட்க முடியாது. கணக்குக் கேட்பதற்கு அவனை அறிந்திருக்க வேண்டும். அவன் பதிலைக் கேட்க உட்கார்ந்திருக்கவும் வேண்டும். மோதலுக்குப் பிறகு கல்லூரி அவனை நீக்குகிறது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவனிடம் மிச்சமிருப்பது ரூட்டு மட்டுமே. 2024இல் மகனை இழந்த பெற்றோர் பேச, இரு கல்லூரி மாணவர்களும் கேட்க, ஓர் அறையை இந்த நகரம் ஏற்பாடு செய்ய முடியாதா? அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அந்த அறையில் அந்தப் பையன்கள் திரும்பிப் பேசவும் கூடும். ரூட்டைத் தவிர வேறு யாரும் தங்கள் பெயரைக் கேட்டதில்லை என்று சொல்லவும் கூடும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நமக்கு மாவுக்கட்டைவிடச் சிரமமானது.