குருதியும் உறவும்

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பது நம்மவர் வழக்கு. உற்றாரை ஊரில் விட்டு மும்பையில் வாழும் நமக்கு, ஆபத்துக் காலத்தில் அச்சொல் பெருந்துணை. அத்துணை எதுவரை செல்லும் என்பதை என் மூத்த மைத்துனரின் நோய் எனக்குக் காட்டியது.

அவருக்கு வந்தது நிணநீர்ப் புற்று. அதற்குரிய கீமோதெரபி மருந்து நோயணுவோடு நில்லாது. எலும்பு மஜ்ஜையில் குருதி பிறக்குமிடத்தையும் தாக்கும். முடி உதிர்ந்தது, வாய் புண்ணாயிற்று, விரல்நுனி மரத்தது. மரக்கச் செய்த மருந்து, ஊர் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது என்றறிந்தபோது அவர் சிரித்தார். மூன்றாம் சுற்றுக்குப்பின் படியேற மூச்சிரைத்தது. குருதி ஏற்றவேண்டும் என்றனர்.

செய்தி கேட்டு அவர் தம்பி திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை நாள் இரயிலில் வந்து கையை நீட்டினார். மருத்துவர் வேண்டாம் என்றார். அயலாரின் வெள்ளணுக்கள் புகுந்தால் உடல் அவற்றை அடையாளங்கண்டு அழித்துவிடும். உடன்பிறந்தாருடையவற்றையோ தன்னுடையவை என்று மயங்கி விட்டுவிடக்கூடும். அவை தங்கிப் பெருகி, இடங்கொடுத்த உடலையே தாக்கும். அரிதாகவே நேரும், நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் தங்காது. கதிர்வீச்சால் அதனைத் தடுக்கலாம். எனினும் அயலார் குருதி இருக்க, உறவினர் குருதியை நாடுவானேன் என்பது அவர் கேள்வி.

"வேறு நோயாளிக்குக் கொடுக்கலாமே" என்றனர். தம்பிக்குச் சினம். "எங்கண்ணனுக்கு ஆகாத இரத்தத்தை எவனுக்கோ எதுக்கு அத்தான் கொடுக்கணும்?"

அக்கேள்வியை அறியாமை என்று தள்ள என்னால் இயலவில்லை. அன்புக்கு முகம் வேண்டுமன்றோ? முகமறியாதவனுக்கு ஈவதே உயர்ந்தது என்று சொல்வது, இரயிலேறி வராத எனக்கு எளிது. ஆனால் அண்ணன் உடலில் ஏறிக்கொண்டிருந்த குருதியை எவனோ ஒருவன் இவர் முகமறியாமலே தந்திருந்தான். விலை கொடுத்துக் கணக்கை முடிக்கவும் வழியில்லை. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி, 1998 முதல் குருதி விற்பனை நம் நாட்டில் தடுக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாதவனிடம் பட்டது கடன்தானா? கடனென்றே நான் கொள்கிறேன். யாரிடம் செலுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை தம்பி 350 மில்லிலிட்டர் கொடுத்தார். யாருக்குப் போகும் என்று கேட்டார், சொல்வதற்கில்லை என்றனர். ஊருக்கு வண்டியேறும் வரையிலும் அது அவருக்கு உவப்பாயிருக்கவில்லை.