அருட்சகோதரி உரைத்த பொய்

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பெருநாவலை நம்முள் பலர் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகவே அறிவோம். அதில் ஆயர் ஈந்த வெள்ளி விளக்குத் தண்டுகளைப் பற்றி மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். அருட்சகோதரி சிம்பிளிசை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். ஆயர் பேசியது தம் உடைமையைப் பற்றி. கொடுத்தேன் என்றதுமே அது கொடையாகிவிட்டது. சிம்பிளிசுக்கு அத்தகைய வழி இல்லை.

வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாதவர் அவர். சிறையினின்று தப்பிய ழான் வால்ழான் அறையின் மூலையில் ஒளிந்து நிற்க, காவல் அதிகாரி ழாவேர் உள்ளே வருகிறான். முழந்தாட்படியிட்டுச் செபிக்கும் சகோதரியைக் கண்டு தயங்குகிறான். வேறு யாரேனும் இங்கு உண்டா என்று கேட்கிறான். தாம் மட்டுமே என்கிறார். தப்பியவனைக் கண்டீரா என்கிறான், இல்லை என்கிறார். ழாவேர் மன்னிப்புக் கேட்டு, வணங்கி வெளியேறுகிறான்.

அவன் ஏன் நம்பினான்? அவர் பொய்யே சொல்லாதவர் என்பதால். வேறெவர் சொல்லியிருந்தாலும் மூலை முடுக்கெல்லாம் தேடியிருப்பான். ஆக, அதுநாள்வரை அவர் சேர்த்து வைத்த உண்மை முழுவதும் அந்த ஒரு நொடியில் செலவிடப்பட்டது.

பொய்யைப் பற்றித் தாம் எழுதிய நூலில் புனித அகுஸ்தீனார், தகாஸ்தே நகரின் ஆயர் பிர்முசைப் போற்றுகிறார். அடைக்கலம் புகுந்தவனைத் தேடிப் பேரரசனின் ஆட்கள் வந்தபோது, பொய்யும் சொல்லாமல், காட்டியும் கொடுக்காமல் வதைகளைத் தாங்கியவர் அவர். மேன்மையான வழிதான். ஆயினும் பிர்முசின் மௌனத்துக்கு விலை கொடுத்தது அவருடைய உடலே. சிம்பிளிஸ் வாய் திறவாதிருந்தால் அம்மௌனமே விடையாகியிருக்கும். விலை கொடுப்பவன் வேறொருவன், அவனையன்றி வேறு கதியற்ற கொசேத் என்னும் சிறுமியும்கூட.

திருச்சபைக்கும் இது எளிய கேள்வியாக இருந்ததில்லை. உண்மையை அறிய உரிமை உள்ளவரை ஏமாற்றப் பேசுவதே பொய் என்றது 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல். 1997-ஆம் ஆண்டின் இலத்தீன் பதிப்பில் அந்த ‘உரிமை’ நீக்கப்பட்டது. நீக்கியது நன்றே என்று எண்ணுகிறோம். அச்சொல்லின் நிழலில் யாரும் எதையும் மறைத்துவிடலாம். மேலும், ழாவேர் சட்டத்தின் அலுவலன். அவனுக்கு உரிமை இல்லை என்று எங்ஙனம் சொல்வது?

அந்தப் பொய் விண்ணகத்தில் சகோதரியின் கணக்கில் நன்மையாகச் சேரட்டும் என்கிறார் ஹியூகோ. நாவலாசிரியர் சற்று விரைந்தே தீர்ப்பளித்துவிட்டார். சிம்பிளிசோ தமக்கென எந்த நியாயமும் சொல்லவில்லை. அந்த இரு விடைகளையும் அவர் முழந்தாளில் இருந்தவாறே சொன்னார்.