எழுந்து நின்ற கணக்கு

"எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரிங்க."

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருஷா வருஷம் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். உதவித்தொகைக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும், வாத்தியாருக்குத் தலை எண்ணிக்கை வேண்டும். நாங்கள் எழுந்து நிற்போம். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை கோலிகுண்டு ஆடிய கூட்டாளி அன்றைக்கு மதியம் வேறு மரத்தடியில் சோறு தின்பான்.

என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் எங்கள் தெருக்காரன், பங்காளி முறை. அவர்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். பாதி எழுந்தவனை, "நீ பி.சி.டா, ஒக்காரு" என்று வாத்தியார் உட்கார வைத்துவிட்டார். ஊர் டீக்கடையில் அவன் தாத்தாவுக்கும் என் தாத்தாவுக்கும் ஒரே கொட்டாங்குச்சிதான். பட்டியலில் மட்டும் வேற வேற.

இப்போது நான் சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு திரிகிறேன். "அன்னிக்கு எழுந்து நின்னதுக்கு வூட்டுல வந்து அழுத. இன்னிக்கு எண்ணு எண்ணுன்றியே, இன்னாண்ணா இது?" என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். சாதி ஒழியணும் என்கிறவன் சாதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாமா? எண்ண எண்ண அது வளராதா?

யோசித்துப் பார்த்தால், எனக்குக் கூசியது மற்றவர்கள் உட்கார்ந்திருந்ததால்தான். எல்லாரையும் எழுப்பிக் கேட்டிருந்தால் அது வெறும் வருகைப் பதிவு.

சுதந்திர இந்தியா அந்த வகுப்பறையாகத்தான் இருந்துவருகிறது. வெள்ளைக்காரன் 1931இல் எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டான். 1951 முதல் 2011 வரை ஏழு கணக்கெடுப்பு நடந்தது. ஏழிலும் பட்டியல் சாதிகளும் பழங்குடிகளும் மட்டும்தான் சாதியைச் சொல்லி எழுந்து நின்றோம். ஐயர் உட்கார்ந்திருந்தார், முதலியாரும் கவுண்டரும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தவர்கள் 'பொதுமக்கள்' ஆனார்கள். சாதி என்றால் அது சேரிக்காரன் சமாச்சாரம் என்றானது. சரி, இத்தனை வருஷம் எண்ணாமல் விட்டதால் மேல்சாதியிடம் சாதி செத்துப்போனதா? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினவன் எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்துவிட்டு வந்தான்?

இந்த நாட்டின் புள்ளியியல் அறிஞர்களுக்குச் சாதி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1941இல் ஐக்கிய மாகாணத்தில் சாதிவாரியாக ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்தார்கள். மகலனோபிஸ், மஜும்தார், சி.ஆர்.ராவ் மூவரும் அதை ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே எண்ணில் சொல்லும் வழி மகலனோபிஸ் கண்டது. 'மகலனோபிஸ் தூரம்' என்று இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. பெரிய மூளை, சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பனருக்கும் டோமுக்கும் நடுவே மூக்கில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்ட நாடு, நிலத்தில் எவ்வளவு தூரம், உத்தியோகத்தில் எவ்வளவு தூரம் என்று எல்லாச் சாதிக்கும் கணக்குப் போட வேண்டிய நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டது.

அம்பேத்கர் இதை 1932லேயே பார்த்துவிட்டார். வாக்குரிமை பற்றி விசாரித்த லோதியன் குழுவில் அவர் உறுப்பினர். அதுவரை தீண்டாதார் இருப்பதை யாரும் மறுத்ததில்லை. எண்ணிக்கைக்குத் தக்கபடி இடம் தர வேண்டிவரும் என்று தெரிந்ததும், எங்கள் மாகாணத்தில் அப்படி ஆளே கிடையாது, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று சாதி இந்துக்கள் சாட்சி சொன்னார்கள். தொட்டால் தீட்டு, எண்ணினால் காணோம்!

இப்போதும் அதே வித்தைதான். மலக்குழியில் விஷவாயு தாக்கிச் சாகிறவர்கள் யார் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு என்ன பதில் சொன்னது? கையால் மலம் அள்ளியதால் செத்தவர் யாரும் இல்லை. அந்தச் சாவுகள் 'பாக்கடை, மலக்குழியை அபாயகரமாகச் சுத்தம் செய்தது' என்று வேறு தலைப்புக்குப் போய்விடும். பிணம் ஒன்றுதான், கட்டம் மாறுகிறது.

எழுந்து நின்றதில் ஒரு லாபமும் உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம் என்று 2011 கணக்கு சொல்வதால்தான், 18 சதவீதம் போதாது என்று நாம் வாதாட முடிகிறது. என் பங்காளி வீடு அந்த இருபதில் இல்லை, அது தனி வழக்கு. பீகாரில் 2023இல் எல்லாரையும் எழுப்பினார்கள். பொதுப் பிரிவு 15.52 சதவீதம் என்று வந்தது. ஊரே நாங்கதான் என்று உட்கார்ந்திருந்தவர்கள் அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசும், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைக் கேட்போம் என்று அறிவித்தது. கேட்பது ஒன்று, வெளியிடுவது ஒன்று. 2011இல் தனியாகக் கேட்டு எழுதிய சாதிவிவரம் வெளியே வரவில்லை. 46 லட்சம் சாதிப் பெயர் வந்துவிட்டது, குழப்பம் என்று உச்சநீதிமன்றத்தில் சொன்னார்கள்.

இவ்வளவையும் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கினேன். நல்ல கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். புதிரை வண்ணார். நம் சேரித் துணியை வெளுத்து, நம் வீட்டுச் சாவுக்கும் பிறப்புக்கும் வேலை செய்து, நம்மிடமே சோறு வாங்கித் தின்ற சனம். சேரிக்கு ஒரு வீடு, ரெண்டு வீடுதான் இருக்கும்.

"எல்லாரையும் எண்ணட்டும், சரி தம்பி. எண்ணினா நாங்க எத்தினி பேரு வருவோம்? நீ சொல்ற சதவீதத்துல எங்களுக்குப் புள்ளிக்கு அந்தாண்டதான் எடம். தலைய எண்ணித்தான் நாயம்னா, ஒத்த வூட்டுக்காரன் யாருகிட்ட போயி கேக்கறது?"

உட்காருங்கய்யா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. எங்கள் தெருக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை என்றார்.