பேணுதலும் பயன்கொள்ளலும்

ஓர் உயிரை நன்கு உண்பித்து வளர்த்தல் அறமாகுமா? உண்பிப்பவன் அவ்வுயிரின் நன்மையை நாடுகின்றானா, அதன் ஊனின் நன்மையை நாடுகின்றானா என்று அறியாமல் இவ்வினாவுக்கு விடை கூறல் இயலாது. பழைமையான இவ்வினா, கால்நடைத் தீவனம் பற்றிய ஆராய்ச்சி பெருகியுள்ள இக்காலத்தில் புதியதொரு வடிவம் கொண்டுள்ளது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆடு வளர்ப்போரின் வாழ்க்கையோடு பொருத்தி நோக்கும்போது அதன் கூர்மை நன்கு புலப்படும்.

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில், லயத்துக்கு அருகே ஆட்டுக்கொட்டில் அமைத்து இரண்டொரு ஆடுகளை வளர்க்கும் குடும்பங்கள் உள்ளன. பலா இலையும், தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கின் கொப்பும், வேலியில் வளரும் சீமைக்கிளுவையும் அவ்வாடுகளுக்குத் தீவனமாகின்றன. முள்முருக்கும் சீமைக்கிளுவையும் புரதம் மிக்கவை. வளரும் குட்டிக்கு உரம் தருபவை. கொழுந்து பறித்து மீளும் பெண், தன் களைப்போடு ஒரு கட்டு இலையையும் சுமந்து வருகின்றாள். அவளுக்கு ஆடு ஒரு சேமிப்பு. பிள்ளையின் கல்விச் செலவோ, எதிர்பாராத நோயோ வரும்போது அது விற்கப்படும். அல்லது நேர்ந்துகொண்டபடி தெய்வத்துக்குப் பலியாகும்.

இலைதழைகளின் பயன் பற்றி வளர்ப்போர் அனுபவத்தால் அறிந்தவற்றுட் சிலவற்றை இன்றைய அறிவியல் வேறு மொழியில் விளக்குகின்றது. சில தாவரங்களில் உள்ள தனின் என்னும் பொருள், அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் புரதம் விரைந்து சிதைவதைத் தடுக்கின்றது. குருதி உறிஞ்சும் வயிற்றுப் புழுக்களின் தொகையைக் குறைக்கவும் உதவுகின்றது. அளவு மிகுந்தால் அதுவே தீனியில் விருப்பத்தைக் குறைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும். ரோஸ்மேரி போன்ற மூலிகைகளில் உள்ள பொருள்கள் இறைச்சியின் கொழுப்பு ஒட்சியேற்றமடைந்து கெடுவதைத் தாமதப்படுத்துவன. அதனால் கடையில் வைக்கப்பட்ட இறைச்சியின் செந்நிறம் மேலும் சில காலம் நிலைக்கலாம். வளர்ச்சியைத் தூண்டும்பொருட்டு நுண்ணுயிரெதிரி மருந்துகளைத் தீவனத்திற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி முதல் முற்றாகத் தடைசெய்தது. அதன் பின்னர் மூலிகைத் தீவனச் சேர்க்கைகள் மீதான நாட்டம் மேலும் வலுப்பெற்றது.

மூலிகை என்ற சொல்லுக்கு இயல்பாகவே ஒரு தூய்மை ஏற்றப்பட்டுவிடுகின்றது. ஆயின் அறநோக்கில் எல்லா மூலிகையும் ஒன்றல்ல. புழுநோயைத் தணிக்கும் இலையை உண்ட குட்டி, தான் வாழும் நாளிலேயே அதன் பயனைத் துய்க்கின்றது. இறைச்சியின் நிறம் மங்காதிருத்தற்கென்றே ஊட்டப்படும் இலையின் பயனோ, அவ்வுயிர் இறந்த பின்னர்த் தொடங்குகின்றது. முன்னதில் வளர்ப்போரின் நன்மையும் விலங்கின் நன்மையும் ஒருங்கு செல்கின்றன. பின்னதில் விலங்கு தன் ஊனைச் சுமந்து நிற்கும் கலமாக மட்டுமே கொள்ளப்படுகின்றது. ஊட்டும் கை ஒன்றே. உண்ணும் வாயும் ஒன்றே. செயலின் நோக்கு வேறாகின்றது.

மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று வற்புறுத்திய ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட், விலங்குகளை அவ்வரம்புக்குள் நேரடியாகச் சேர்க்கவில்லை. விலங்குக்குக் கொடுமை செய்பவன் மனிதனிடத்தும் கொடியவனாவான் என்பதே அவர் கண்ட காரணம். 1789இல் வெளிவந்த தமது நூலில் பெந்தம் என்ற ஆங்கில அறிஞர், பகுத்தறியும் ஆற்றலை விடத் துன்புறும் ஆற்றலே கருதத்தக்கது என்றார். திருக்குறள் இவ்விரு நிலைகளையும் கடந்து, புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தது. கொலையில் முடியும் பேணுதல் பேணுதலே அன்று என்பது அவ்வழி நின்றோர் கூறக்கூடிய தடை. அத்தடை வலிமையுடையது. எனினும் அதனை முழுமையாக ஏற்பின், ஆடு உயிரோடிருக்கும் நாள்களில் அது நோயுற்றுத் துடிப்பதும் நலமாக மேய்வதும் ஒன்றேயென்று கொள்ள நேரும். முடிவு தீயதாயினும் இடைப்பட்ட நாள்களின் துன்பம் மெய்யானதே; அதனைக் குறைத்தலும் மெய்யான அறமே. ஆயின் அவ்வறம் இறுதிச் செயலுக்கு விலையாகாது.

பேணுதலுக்கும் பயன்கொள்ளலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தோட்ட மக்களின் வரலாறு நன்கறியும். மனிதரை விலங்கோடு ஒப்பிடுதல் இங்கு கருத்தன்று. ஒரே வகையான கணக்கு இரண்டிடத்தும் செயற்படுவதே நோக்கத்தக்கது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோய்க்கு மருத்துவ வசதி அளிக்க வழிசெய்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் கூலியோடு அரிசியின் விலையும் கணக்கிடப்பட்டது. மருந்தும் அரிசியும் நன்மையே. அவற்றால் உயிர்கள் காக்கப்பட்டன. ஆயின் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, உழைக்கும் உடல் வேண்டப்பட்ட அளவுக்கு அவ்வுடலுக்குரிய மனிதர் வேண்டப்படவில்லை என்பது வெளிப்பட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

இவ்வரலாறு ஓர் அளவுகோலைத் தருகின்றது. பேணுபவரின் நலனும் பேணப்படுபவரின் நலனும் ஒன்றுபட்டிருக்கும் வரை, அன்பையும் கணக்கையும் வேறு பிரித்தறிதல் அரிது. அவை பிரியுமிடத்தே எது மேலோங்குகின்றது என்பதே உண்மையைக் காட்டும். எடை கூடுமென்று அறிந்தும் குட்டிக்கு ஒவ்வாத தீனியை விலக்குபவர், விலை கூடாதென்று அறிந்தும் நோயுற்ற ஆட்டுக்கு மருந்திடுபவர், கொல்லுமிடத்தும் அச்சத்தையும் நோவையும் குறைக்க முயல்பவர் ஆகியோரிடத்துக் கணக்கைக் கடந்த ஒன்று உண்டு. நிறமும் எடையும் மட்டும் நோக்குபவரிடத்து அஃதில்லை.

வறியவரிடம் இத்தகைய அறத்தை எதிர்பார்த்தல் நேர்மையாகுமா என்ற வினாவும் எழும். லயத்தில் ஓர் ஆட்டை வளர்ப்பவள் மீது முழுச் சுமையையும் ஏற்றுதல் நேர்மையன்று. மலிந்த விலைக்குச் சிவந்த இறைச்சியைக் கேட்கும் நகரத்தாரும், வளர்ச்சி வீதத்தை மட்டும் அளந்து தீவனத்தை மதிப்பிடும் ஆய்வாளரும், இடையில் நின்று இலாபம் பெறும் வணிகரும் அதில் பங்குடையோர். ஓர் ஆராய்ச்சி இறைச்சியின் மென்மையையும் நிறத்தையும் அளக்கும்போது, விலங்கின் நோயையும் நலத்தையும் சேர்த்து அளந்ததா என்று கேட்பது பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், பிறந்தவுடன் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர்பிழைத்தவன். பின்னொருகால் வேள்விக்கெனக் கொம்பில் மாலை சுற்றப்பட்டு அஞ்சி நின்ற பசுவைக் கண்டபோது, அம்மாலையை அவன் அன்பின் அடையாளமாகக் கொள்ளவில்லை. பசுவின் அச்சத்தையே கண்டான். இரவிற் சென்று அதனை மீட்டான். எல்லோரும் ஆபுத்திரனாதல் இயலாது. ஆயினும் பிற உயிரால் வாழ்கின்றோம் என்பதை அறிந்தோர்க்கு அவ்வுயிர்பால் ஒரு கடன் உண்டு. நல்ல தீனியும் நோய்நீக்கமும் அக்கடனின் ஒரு பகுதியை மட்டுமே தீர்ப்பன. எஞ்சிய பகுதி தீர்ந்துவிட்டதென எண்ணாதிருத்தலும் அறத்தின்பாற்பட்டதே.