ஒரு முழங்கால், இரண்டு காப்புறுதி

தர்மம் என்றதும் நமக்கு குருக்ஷேத்திரம், அர்ஜுனன், பெரிய பெரிய முடிவுகள்தான் ஞாபகம் வரும். நான் எழுதப்போவது ஒரு படிவத்தைப் பற்றி. அதில் இருந்த ஒரே ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி.

என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா, அத்தான் இருவரும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு பேருடைய நிறுவனங்களும் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி கொடுக்கின்றன, வாழ்க்கைத் துணையையும் சேர்த்துக்கொள்ளலாம். அக்கா தன் திட்டத்தில் அத்தானைச் சேர்த்திருந்தாள். அதற்காக மாதாமாதம் அவள் சம்பளத்தில் ஒரு தொகை பிடிப்பார்கள். ஆக, அத்தானுக்கு இரண்டு காப்புறுதி.

போன வருஷம் காற்பந்து ஆடும்போது அத்தானுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு 7,400 வெள்ளி. மெடிசேவைத் தொடாமல் கடன் அட்டையில் கட்டிவிட்டார்கள். அத்தானின் நிறுவனத் திட்டம் ஒரு சிகிச்சைக்கு 5,000 வெள்ளி வரை கொடுக்கும். அக்காவின் திட்டம் 6,000 வரை.

வீட்டில் பொறியியல் படிப்பவன் நான்தான். அதனால் படிவம், கணக்கு என்றாலே "தம்பியக் கூப்பிடு" என்பார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு 'தீர்வு' கிடைத்தது. அசல் ரசீதை ஒரு நிறுவனத்துக்கு, மருந்தகத்தில் வாங்கிய சான்றிட்ட நகலை இன்னொன்றுக்கு அனுப்பலாம். இரண்டும் தனித்தனியாகக் கொடுத்தால் 11,000 வெள்ளி. பில் போக 3,600 வெள்ளி மிச்சம். அப்போதுதான் அவர்களுக்குத் தெங்காவில் வீவக வீட்டுச் சாவி கிடைத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் எல்லாம் வாங்க வேண்டும். எனக்கு ஒரே பெருமை!

அக்கா படிவத்தைப் பார்த்தாள். "இதுல 'இதே சிகிச்சைக்கு வேறு காப்புறுதி உண்டா'ன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்னடா போடப் போற?"

"ஒண்ணும் போட வேணாம்க்கா. காலியா விட்டுடலாம். பொய் சொன்னாத்தானே தப்பு?"

அத்தான் சிரித்தார். ஆனால் அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் காசு கட்றோம். ரெண்டு பக்கமும் வாங்கினா என்ன தப்பு?" என்றார். அன்று இரவு படிவத்தை அனுப்பவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு விடுதிக்கு வந்துவிட்டது.

அத்தானின் வாதம் லேசானது இல்லை. இரண்டு சந்தா கட்டினால் இரண்டு பொருள் கிடைக்க வேண்டும். தேக்காவில் இரண்டு தோசைக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றோடு எழுந்து வருவோமா? ஆனால் யோசிக்க யோசிக்க, காப்புறுதி தோசை மாதிரி இல்லை என்று புரிந்தது. அதில் இரண்டு விதமான வாக்குறுதிகள் இருக்கின்றன.

ஒன்று, 'இது நடந்தால் இவ்வளவு தருகிறேன்' என்பது. ஆயுள் காப்புறுதி அப்படி. உயிருக்கு விலை கிடையாது என்பதால் இரண்டு இருந்தால் இரண்டும் கொடுக்கும். மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை வெள்ளி என்று தரும் திட்டங்களும் இந்த வகைதான். அவற்றை வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்று, 'உனக்கு ஆன செலவை ஈடு செய்கிறேன்' என்பது. நிறுவனங்கள் தரும் மருத்துவத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகை. இங்கே விற்கப்படுவது பணம் இல்லை, இழப்பிலிருந்து பாதுகாப்பு. செலவு முழுவதும் ஈடானதும் இழப்பு என்று ஒன்று இல்லை. இல்லாத இழப்புக்கு ஈடு கேட்க முடியாது.

அப்படியென்றால் அக்கா கட்டிய இரண்டாவது சந்தா வீணா? இல்லவே இல்லை. முதல் திட்டம் 5,000 வெள்ளியில் நின்றுவிட்டால் மீதி 2,400 வெள்ளியை இரண்டாவது கொடுக்கும். அத்தானுக்கு வேலை போய்விட்டால் அவருடைய நிறுவனத் திட்டமும் கூடவே போய்விடும். அப்போது அக்காவின் திட்டம் நிற்கும். அவள் வாங்கியது அந்த நிம்மதியைத்தான்.

நம் சிராங்கூன் சாலைக் கோயில்களில் அன்னதானம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒருவர் சாப்பிட்டுவிட்டு, பசி அடங்காமல் மறுபடியும் வரிசையில் நிற்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பசிதான் அவருக்கு உரிமை. ஆனால் வயிறு நிறைந்த பிறகு இரண்டு பொட்டலம் கட்டி வெளியே விற்றால்? சோறு அதே சோறுதான், செயல் வேறாகிவிடுகிறது. மீதி 2,400 வெள்ளி கேட்பது இரண்டாம் பரிமாறல். 3,600 வெள்ளி லாபம் பார்ப்பது பொட்டலம்.

இந்த விதி நேற்று வந்ததும் இல்லை. 1758இலேயே இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு வழக்கில் சொல்லிவிட்டார்: ஒரே பொருளை இரண்டு இடத்தில் காப்புறுதி செய்யலாம், ஆனால் இழப்புக்கு மேல் வாங்க முடியாது. அதே நீதிபதியின் இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. சுமத்ராவில் பென்கூலன் என்ற ஊரில் ஆங்கிலேயர் கோட்டை ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், எதிரி பிடித்துவிட்டால் ஈடு வேண்டும் என்று லண்டனில் காப்புறுதி எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தை அவர் மறைத்துவிட்டார் என்று சொல்லி, காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் தீர்ப்பு கார்ட்டர் பக்கம் வந்தது. ஆனால் அதில் மான்ஸ்ஃபீல்ட் வகுத்த விதிதான் இன்றுவரை பேசப்படுகிறது. காப்புறுதி என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், தனக்கு மட்டுமே தெரிந்ததை இரு தரப்பும் மறைக்கக் கூடாது. 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது அதே பென்கூலனுக்குத்தான் துணை ஆளுநராக இருந்தார். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் பென்கூலன் ஸ்திரீட் அந்த ஊரின் பெயர்தான். அந்த வழியாக எத்தனை தடவை போயிருக்கிறேன், தெரியாது!

'இரு தரப்பும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஏனென்றால் அத்தானின் அடுத்த வாதம் அதுதான். "சின்ன எழுத்தக் காட்டி அவங்க நம்மள ஏமாத்தலாம், நாம பண்ணக்கூடாதா?" இந்தக் கோபம் நியாயமானது. நியாயமான கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய ஃபிட்ரெக் என்ற நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்துக்குத் தனிமனிதர்கள் போகலாம். அங்கே போய் நெஞ்சை நிமிர்த்திப் பேச வேண்டுமென்றால் நம் படிவம் சுத்தமாக இருக்க வேண்டும். நாமே கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் எந்த முகத்தோடு நியாயம் கேட்பது?

சரி, யார் நஷ்டப்படுகிறார்கள்? 'பெரிய கம்பெனிதானே' என்று நானும் நினைத்தேன். கம்பெனி தன் வீட்டுப் பணத்தைக் கொடுப்பதில்லை. எல்லாரும் போட்ட சந்தாவிலிருந்துதான் கொடுக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் நிறைய கோரினால் அடுத்த வருஷம் அந்த நிறுவனத்துக்கே சந்தா ஏறலாம். அதாவது என் 'தீர்வு' அக்காவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரின் பையிலும் கை வைக்கிறது.

சிங்கப்பூரில் இது எல்லாரையும் தொடும் விஷயம். 1990இல் வந்த மெடிஷீல்டிலிருந்து விருப்பப்பட்டவர்களால் விலகிக்கொள்ள முடிந்தது. 2015 நவம்பர் 1 முதல் வந்த மெடிஷீல்ட் லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரையும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்து, ஆயுள் முழுக்கக் காக்கிறது. கடுமையான நோய் ஏற்கெனவே இருந்தவர்கள் 10 வருஷத்துக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். அது அவர்களுடைய முழுச் செலவுக்குப் போதாது. மீதியை மற்றவர்களும் அரசாங்கமும் சுமக்கிறோம். அதன் மேல் தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த கேடயத் திட்டம் வேண்டுமென்றாலும் ஒருவருக்கு ஒன்றுதான். முன்பு, பில் முழுவதையும் கட்டிவிடும் 'ரைடர்' இருந்தது. தன் பையிலிருந்து ஒரு காசும் போகாது என்றால் சிகிச்சையும் பில்லும் கூடிக்கொண்டே போகும், எல்லாருடைய சந்தாவும் ஏறும். அதனால்தான் 2019 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. பொதுப் பானையில் ஒருவர் அகப்பையை ஆழமாக விட்டால் அடுத்தவருக்குக் குறையும், அவ்வளவுதான்.

கடைசியாக என் வாதம். 'பொய் சொல்லவில்லை, காலியாகத்தானே விட்டேன்.' மகாபாரதத்தில் தர்மரும் இதையேதான் செய்தார். அஸ்வத்தாமா இறந்தான் என்று சத்தமாகச் சொல்லி, யானை என்பதை மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஆனால் துரோணர் எதை நம்ப வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அது பொய். அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் மேலே ஓடிய அவர் தேர், அன்று தரையைத் தொட்டது. அவருக்காவது ஒரு போரை முடிக்க வேண்டியிருந்தது. எனக்கு? ஒரு குளிர்சாதனப் பெட்டி!

நம் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2020 ஜனவரி முதல் குற்றவியல் சட்டத்தில் 424ஏ என்ற பிரிவு இருக்கிறது. சொல்ல வேண்டிய சட்டக் கடமை இருந்தும் ஆதாயத்துக்காக ஒன்றை மறைத்தால் அதுவே மோசடி ஆகலாம். ஆனால் போலீசுக்குப் பயந்து நேர்மையாக இருப்பதை நான் பெரிதாக எண்ணவில்லை. யோக சாத்திரத்தின் ஐந்து யமங்களில் சத்தியத்துக்கு அடுத்தது அஸ்தேயம், திருடாமை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் அர்த்தம் எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டால் இரண்டும் ஒன்றாக உடையும்.

அடுத்த சனிக்கிழமை போய் அத்தானிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது சரிதான் தம்பி, ஆனா 3,600 வெள்ளி உன் காசு இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான். சம்பாதிக்காத நான் தர்மம் பேசுவது சுலபம். ஆனால் பேனாவை எடுத்தது அக்கா. 'ஆம்' என்று போட்டு, அத்தானின் திட்டம் 5,000 வெள்ளி கொடுத்த கடிதத்தையும் இணைத்தாள். இரண்டாவது திட்டம் மீதி 2,400 வெள்ளியைக் கொடுத்தது. பில் முழுவதும் அடைந்தது. பழைய குளிர்சாதனப் பெட்டிதான் தெங்காவுக்குப் போனது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, நம்மில் நிறைய பேருக்கு வீட்டில் இந்த வேலைதான். அப்பா அம்மாவின் படிவங்களை நாம்தான் நிரப்புகிறோம். அடுத்த தடவை நிரப்பும்போது, யாருக்கு எந்தக் காப்புறுதி இருக்கிறது, எது எதுவரை கொடுக்கும் என்று முதலில் கேட்டு எழுதி வையுங்கள். நமக்கு உரியதில் ஒரு வெள்ளியைக்கூட விட வேண்டாம். அந்தச் சின்னக் கட்டத்தில் மட்டும் உள்ளதை எழுதுங்கள்.